பூஜ்ஜியத்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

கண் ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உச்சியில் ஒற்றைப் பெரிய எழுத்து. கீழே வர வர எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும். ஆறு மீட்டர் தள்ளி உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, "எதுவரைக்கும் தெரியுது, படிங்க" என்பார்கள். அந்தப் பலகையின் மூன்றாவது வரிக்கு 6/24 என்று பெயர். அதற்கு அடுத்த வரி 6/18. நல்ல பார்வை உள்ளவர் பதினெட்டு மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை, ஆறு மீட்டர் வரை நெருங்கினால்தான் படிக்க முடிகிறது என்பது 6/18-க்குப் பொருள்.

மாற்றுத்திறனின் அளவைக் கணக்கிட மத்திய அரசு வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு நெறிமுறை, தகுந்த கண்ணாடி போட்ட பிறகும் இரு கண்களாலும் மூன்றாவது வரியைத் தாண்ட முடியாதவருக்கு 40 சதவீதம் கொடுக்கிறது. தட்டுத் தடுமாறி நான்காவது வரியையும் படித்துவிட்டவருக்குப் பூஜ்ஜியம். பத்து இல்லை, இருபது இல்லை, பூஜ்ஜியம். நாற்பது வாங்கியவருக்கு அரசு வேலையிலும் உயர்கல்வியிலும் இடஒதுக்கீட்டுக் கதவு திறக்கிறது. பூஜ்ஜியம் வாங்கியவர் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

அல்பினிசத்தோடு பிறந்தவர்களில் பலரும் வந்து சிக்கிக்கொள்வது இந்த இரண்டு வரிகளின் இடுக்கில்தான். அவர்களுடைய பார்வை பெரும்பாலும் 6/18-இல் தொடங்கி 6/120 வரை இறங்குகிறது. சிலருக்கு அதைவிட மேலாகவும் இருப்பதுண்டு. ஆகவே ஒரே குடும்பத்தில் ஒரே மரபணுவோடு பிறந்த அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போனால், அக்கா மாற்றுத்திறனாளியாகத் திரும்பலாம், தம்பி வெறும் வெள்ளைப் பையனாகத் திரும்பலாம். இது ஊனமா, வெறும் நிறமா என்று ஊர் கேட்கிற கேள்விக்கு அரசின் பதிலும் இவ்வளவு குழப்பம்தான்.

சட்டத்தைத் திறந்து பார்த்தாலும் குழப்பம் தீராது. 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த பட்டியலை இருபத்தொன்றாக விரித்தது. தலசீமியா உண்டு, ஹீமோஃபிலியா உண்டு, அரிவாள் செல் நோய் உண்டு, பார்க்கின்சன் உண்டு. அல்பினிசம் இல்லை. அது "குறைபார்வை" என்ற தலைப்புக்குள் நுழைந்தால்தான் உண்டு. அந்தத் தலைப்பிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. சட்டத்தின் இணைப்பு, பார்வை 6/18-ஐத் தாண்டாதவரைக் குறைபார்வை உள்ளவர் என்று வரையறுக்கிறது. அதே சட்டத்தின் கீழ் வந்த அளவை அட்டவணையோ 6/18-க்குப் பூஜ்ஜியம் போடுகிறது.

கண்ணில் என்ன கோளாறு?

அல்பினிசம் என்பது மெலனின் என்ற நிறமியை உடல் போதிய அளவு தயாரிக்க முடியாத பிறவி நிலை. தொற்றாது. பின்னாளில் வருவதும் இல்லை. வெண்புள்ளி வேறு, இது வேறு. வெண்புள்ளியில் இருக்கிற நிறம் பிற்பாடு போகிறது, பொதுவாகப் பார்வையைத் தொடுவதில்லை. அல்பினிசத்தில் நிறம் தொடக்கத்திலேயே இல்லை, கூடவே பார்வையும் பாதிக்கப்படுகிறது. வெளியில் தெரிகிற வெளுப்பைப் பார்த்து இதைத் தோல் சமாச்சாரம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அல்பினிசத்தின் நிரந்தர முகவரி கண்தான். தோலும் முடியும் ஓரளவு நிறத்தோடு இருந்து கண் மட்டும் பாதிக்கப்படும் வகையும் உண்டு. அது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது.

கருவில் கண் உருவாகும்போதே கதை தொடங்கிவிடுகிறது. விழித்திரையின் நடுவே நுட்பமான பார்வைக்கென்று ஒரு சின்னக் குழி இருக்கிறது. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் வேலை. மெலனின் குறைந்த கண்ணில் அந்தக் குழி சரியாக அமைவதில்லை. இரு கண்களிலிருந்தும் மூளைக்குப் போகும் நரம்பிழைகளில் ஏறக்குறைய பாதி, வழியில் எதிர்ப்பக்கம் மாற வேண்டும், மீதி அதே பக்கம் போக வேண்டும். அல்பினிசத்தில் அளவுக்கு அதிகமான இழைகள் எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை உணரும் திறன் இதனால் குறைகிறது. மாறுகண்ணும் சேர்ந்துகொள்வதுண்டு. கண்கள் தம்மையறியாமல் இடவலமாக ஆடிக்கொண்டே இருக்கும். நிஸ்டாக்மஸ் என்று மருத்துவர்கள் சொல்வதை வீட்டில் "கண்ணு ஆடுது" என்பார்கள்.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கிறவர்களுக்காக ஒன்று. கிட்டப்பார்வை, தூரப்பார்வை இருந்தால் கண்ணாடி அதை மட்டும் திருத்தும். பிம்பம் விழுகிற திரையிலேயே குறை இருக்கும்போது எந்தக் கண்ணாடியும் அதைப் போக்காது. அறுவை சிகிச்சையால் மாறுகண்ணை நேராக்கலாம், கண் ஆட்டத்தைச் சிலருக்குக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம். குழியை உண்டாக்க முடியாது.

இன்னொரு கட்டுக்கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். இவர்களுடைய கண் சிவப்பு நிறம் அல்ல. நீலம், சாம்பல், இளம்பழுப்பு எதுவாகவும் இருக்கலாம். சில கோணங்களில் ஒளி உள்ளே போய்த் திரும்பும்போது சிவந்து தெரியும், அவ்வளவுதான். "தி டாவின்சி கோட்" நாவலிலும் படத்திலும் சைலஸ் என்ற அல்பினோ கொலைகாரன் துப்பாக்கியும் கையுமாக அலைவான். ஆறு மீட்டரில் எழுத்து தெரியாதவருக்கு அது எப்படிச் சாத்தியம் என்று எழுதியவருக்கும் எடுத்தவருக்கும் தோன்றவில்லை.

பலகை அளக்காதது

எழுத்துப் பலகை அளப்பது, குளிர்ந்த, நிழலான அறையில், நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து, அசையாத கறுப்பு எழுத்தை வெள்ளைப் பின்னணியில் பார்க்கும் திறனை. இப்படி ஒரு சூழ்நிலை வாழ்க்கையில் எத்தனை நிமிடம் வாய்க்கிறது?

அதே ஆளை அறையிலிருந்து சித்திரை மாத நண்பகலில் வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள். கண்பாவையைச் சுற்றியிருக்கும் நிறத்திரை வெளிச்சத்தைத் தடுக்க வேண்டியது. நிறமி இல்லாததால் அதன் வழியாகவே ஒளி உள்ளே புகுந்து சிதறுகிறது. கண் கூசி இறுக மூடிக்கொள்ளும். எதிரே வருகிற பேருந்தின் எண் தெரியாது. எண் மட்டுமல்ல, சில நேரம் பேருந்தே கடைசி நொடியில்தான் தெரியும். வெயிலில் 6/18 என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு என்று அட்டவணை கேட்பதில்லை.

ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. கண் ஆட்டம் உள்ள பலருக்கு ஒரு கண்ணை மூடினால் மற்றக் கண்ணின் ஆட்டம் கூடும். பதற்றம் வந்தாலும், களைத்துப்போனாலும் கூடும். சான்றிதழுக்காக வந்து உட்கார்ந்திருப்பதைவிடப் பதற்றமான நேரம் வேறென்ன இருக்கிறது? தலையை ஒரு பக்கம் சாய்த்தோ திருப்பியோ பார்த்தால் ஆட்டம் குறைகிற ஒரு கோணம் பலருக்கும் உண்டு. குழந்தைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கும். "நேராப் பாரு" என்று தலையைப் பிடித்துத் திருப்புகிற வாத்தியார், அந்தக் குழந்தையின் பார்வையை இன்னும் ஒரு வரி குறைத்துவிடுகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் படிப்பதும் அப்படித்தான். "கிட்ட வெச்சுப் படிக்காதடா, கண்ணு கெட்டுடும்" என்று திட்டாத வீடு இல்லை. கெடாது. இவர்களுக்குக் கிட்டப் பார்வை தூரப் பார்வையைவிட நன்றாக இருக்கும். நெருக்கி வைப்பது எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் இயல்பான வழி. கரும்பலகைதான் எட்டாது. முதல் பெஞ்சில் உட்காரவைத்தாலும் எட்டாது. இன்றைக்குச் செல்போனில் பலகையைப் படமெடுத்து விரலால் விரித்துப் படிக்கிற வசதி வந்துவிட்டது. ஆனால் வகுப்பில் போன் எடுத்தால் பறித்துக்கொள்வார்கள்.

மூளைக்குப் போகும் பாதை மாறியதால் வரும் ஆழக் குழப்பத்துக்கும் பலகையில் எழுத்து இல்லை. ஒரே நிறத்தில் இருக்கும் படிக்கட்டில் கடைசிப் படி எங்கே முடிகிறது, தன்னை நோக்கி எறியப்பட்ட பந்து எப்போது கைக்கு வரும், சாலையில் வருகிற பைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் ஊகத்தால் சமாளிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது "கொஞ்சம் தடுமாற்றம்".

ஒரே கண்ணுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் என்பதையும் சொல்ல வேண்டும். இரு கண்களிலும் 6/36 உள்ளவர் இந்தியாவில் 40 சதவீதக்காரர். அவரே அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு உதவிக்குப் போனால், பார்வைக் கூர்மையைக் கொண்டு மட்டும் அவரைப் பார்வையற்றவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அங்கே எல்லை 6/60-க்குச் சமமான அளவு. நம் நாட்டிலேயே 1995 சட்டத்தில் பார்வையின்மைக்கு 6/60 எல்லையாக இருந்தது, 2016 சட்டத்தில் 3/60-க்குக் கீழே என்று இறங்கியது. இடையில் யாருடைய கண்ணும் தெளிவாகிவிடவில்லை. கோட்டை நகர்த்தினார்கள். அதிகாரிகள் மேஜையில் போட்ட கோடு என்பதால்தான் அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்கவும் முடிகிறது.

வெயில் என்கிற எதிரி

பார்வைக்காவது சதவீதம் உண்டு. தோலுக்கு எதுவும் இல்லை. மெலனின் இல்லாத தோலை வெயில் நேரடியாகத் தாக்குகிறது. கொப்புளம், ஆறாத புண், கடைசியில் தோல் புற்றுநோய். பூமத்தியரேகையை ஒட்டிய ஆப்பிரிக்க நாடுகளில், அல்பினிசம் உள்ளவர்களைச் சின்ன வயதிலேயே கொண்டுபோகிற காரணங்களில் முதன்மையானது இதுதான். நம்முடையதும் வெயில் நாடு. கட்டட வேலை, களையெடுப்பு, நூறு நாள் வேலை, மீன்பிடிப்பு, டெலிவரி என்று படிப்பில்லாதவருக்குக் கிடைக்கிற வேலை எல்லாமே வெயிலில்தான். ஆகக் கண் தெரியாததால் படிப்பு நிற்கிறது, படிப்பு நின்றதால் வெயில் வேலை, வெயில் வேலையால் தோல் போகிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சின்னக் குறைகள். சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆளின் பிழைப்பே முடங்குகிறது. அட்டவணை தனித்தனியாக மட்டுமே பார்க்கிறது.

வெயிலிலிருந்து காக்கும் சன்ஸ்கிரீன் நம் சட்டத்தில் அழகுசாதனப் பொருள். இன்சுலின் இல்லாமல் சர்க்கரை நோயாளி எப்படியோ அப்படித்தான் அது இல்லாமல் இவர்கள். ஆனால் அரசு மருந்துக் கிடங்கில் அதற்கு இடம் கேட்டால், லிப்ஸ்டிக் கேட்ட மாதிரி பார்ப்பார்கள். டான்சானியாவில் கிளிமாஞ்சாரோ மலையடிவார ஊரான மோஷியில் உள்ள தோல் மருத்துவப் பயிற்சி மையத்தில், இவர்களுக்கென்றே கிலிசன் என்ற சன்ஸ்கிரீனைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். கென்யாவில் மாற்றுத்திறனாளிகள் தேசிய மன்றம் அரசுப் பணத்தில் வாங்கி விநியோகிக்கிறது. இரண்டும் நம்மைவிடப் பணக்கார நாடுகள் அல்ல.

வெள்ளையாகப் பிறந்த குற்றம்

நம் ஊரில் மசக்கைக்காரிக்குக் குங்குமப்பூப் பால் கொடுப்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். கல்யாண விளம்பரத்தில் "சிவப்பான பெண்" தேடுவோம். முகத்தை வெளுக்க வைக்கும் களிம்புக்கு மாதாமாதம் செலவழிப்போம். அதே வீட்டில் நிஜமாகவே வெள்ளையாக ஒரு குழந்தை பிறந்துவிட்டால் என்ன நடக்கிறது? பிரசவ அறையிலேயே தாய் மீது சந்தேகம். அப்புறம் கிரகணம், பாவம், சாபம். பள்ளிக்கூடம் போனதும் "வெள்ளைக்காரன்", "துரை". தலையில் சாயம் அடித்து மறைக்கும் பெற்றோர் உண்டு. விசேஷங்களுக்குப் பிள்ளையை அழைத்துப்போகாமல் வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. வெளுப்பின் மேல் இவ்வளவு ஆசை வைத்த சமூகம் வெளுப்பைக் கண்டு இப்படி விலகுவதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தாயைச் சந்தேகிப்பவர்களுக்கு விஞ்ஞானம் வைத்திருக்கும் பதில் கூர்மையானது. தோல், முடி, கண் மூன்றையும் பாதிக்கிற வகையில், பழுதான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தைக்கு அல்பினிசம் வரும். அதாவது, பிள்ளை வெள்ளையாகப் பிறந்திருப்பதற்குப் பெற்ற தகப்பனும் சரிபாதிப் பங்காளி. ஏறக்குறைய எழுபது பேரில் ஒருவர் இப்படி ஒரு மரபணுவைத் தெரியாமலே சுமக்கிறார் என்பது மேலை நாடுகளின் கணக்கு. சுமப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒரே மரபணுப் பழுதைச் சுமக்கிற இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற வழக்கத்தில் அந்த இருவர் சந்திக்கிற வாய்ப்பு கூடிவிடுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், சொந்தத்துக்குள் மணம் அதிகம் நடக்கிற மாநிலங்களின் முன்வரிசையில் தமிழ்நாடு இருக்கிறது.

இங்கே எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அரசு எண்ணவில்லை. 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் என்ற, மேற்கில் புழங்கும் விகிதத்தை 2011 மக்கள்தொகைக்குப் போட்டுப் பார்த்தால் தமிழ்நாட்டில் நாலாயிரத்தை ஒட்டி வருகிறது. அது பெருக்கல் வகுத்தல்தானே தவிர எண்ணிக்கை அல்ல. கென்யா தன்னுடைய 2019 கணக்கெடுப்பில் அல்பினிசம் உள்ளவர்களைத் தனியாகக் கேட்டு 9,729 பேர் என்று எழுதிவைத்தது. எண்ணினால்தான் சன்ஸ்கிரீன் எத்தனை டப்பா வாங்குவது என்றாவது தெரியும்.

ஜெனிவாவில் கிடைத்த பதில்

இது ஊனமா, வெறும் நிறமா என்ற கேள்விக்கு உலக அளவில் தெளிவான பதில் வந்தது ரத்தம் சிந்திய பிறகு. 2000-களின் பிற்பாதியில் டான்சானியாவிலும் பிறகு மலாவி உள்ளிட்ட நாடுகளிலும், அல்பினிசம் உள்ளவர்களின் உடலுறுப்பு பணம் கொண்டுவரும் என்ற மாந்திரீக மூடநம்பிக்கையில் ஆட்களை வெட்டினார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் பயந்தார்கள். ஷின்யாங்கா ஊரின் புஹாங்கிஜா போன்ற மாற்றுத்திறனாளிப் பள்ளிகளில் அரசு அந்தக் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுத்தது.

2010-இல் டான்சானியாவில் விறகு பொறுக்கப்போன ஒருவரை இரண்டு பேர் அடித்து மயங்க வைத்து அவருடைய இடது கையை வெட்டிக்கொண்டு போனார்கள். உள்நாட்டில் நியாயம் கிடைக்காமல் அவர் ஜெனிவாவில் கூடும் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவிடம் போனார். ஆவணங்களில் அவர் பெயர் வெறும் எக்ஸ். குழு முதலில் தீர்க்க வேண்டியிருந்தது நம்முடைய இதே கேள்வியைத்தான். கை போவதற்கு முன்பே அவர் மாற்றுத்திறனாளியா? வெட்டப்பட்டது அவருடைய நிறத்துக்காக, பார்வைக்காக அல்ல. 2017 ஆகஸ்டில் குழு முடிவு சொன்னது. மாற்றுத்திறன் என்பது உடற்குறை மட்டுமல்ல, உடல் நிலையும் சமூகத்தின் மனத்தடைகளும் மோதுகிற இடத்தில் அது பிறக்கிறது. ஆகவே அல்பினிசம் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்குள் வரும். டான்சானிய அரசு அவருடைய உரிமைகளைக் காக்கத் தவறியது என்றும் தீர்ப்பானது. அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் 2007-இல் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட நாடு.

ஆப்பிரிக்கா என்றால் கொடுமை மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். டான்சானியாவின் லிண்டி தொகுதி மக்கள் 2010-இல் சலூம் கல்ஃபான் பர்வானி என்ற அல்பினிசம் உள்ளவரைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கென்யாவில் மும்பி ங்குகி உயர் நீதிமன்ற நீதிபதியாகி, மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். மாலி நாட்டின் சலீஃப் கெய்ட்டா பழைய அரச குலத்தவர். ஆசிரியராக விரும்பியவரைப் பார்வை போதாது என்று விலக்கினார்கள். குலத்துக்கு இழுக்கு என்று வீட்டார் முகம் சுளிக்கப் பாடகரானார், உலகம் கேட்டது. அவருக்கு வேலை மறுக்கப்பட்டது கண்ணால், வீட்டில் விலக்கப்பட்டது நிறத்தாலும்கூட. இரண்டையும் பிரித்து எந்த அட்டவணையில் எழுதுவது?

வேண்டாம் என்கிறவர்கள்

அல்பினிசம் உள்ள எல்லோருமே இந்த அடையாளத்தைக் கேட்பதில்லை. 'எனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, என்னை ஏன் அந்த வரிசையில் நிற்கச் சொல்கிறீர்கள்' என்று சொல்பவர்களின் கோபம் நியாயமானது. பெண் பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கினால் கல்யாணம் தட்டிப்போகும் என்று பயப்படும் பெற்றோரின் கணக்கு நியாயமானது அல்ல, ஆனாலும் புரிகிறது. சான்றிதழ் வாங்குவது கட்டாயமில்லை, வேண்டியவர் கேட்கிற உரிமை என்ற அளவில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு சதவீதத்தில் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் சேர்த்து ஒரு சதவீதம்தான். ஓரளவு பார்வை உள்ளவர் எளிதாக அந்த இடங்களை நிரப்பிவிடுவார், முழுக்கப் பார்வையற்றவர் வெளியே நிற்பார் என்பது பார்வையற்றோரின் நெடுநாள் மனக்குறை. அல்பினிசத்தைப் பட்டியலில் சேர்த்து, அந்த ஒரு சதவீதத்தையே இன்னும் கூறுபோட்டால் ஏழையின் சோற்றில் ஏழையைக் கைவைக்கச் செய்வதாகும். இதற்கு எளிய பதில் இல்லை. ஆனால் இடஒதுக்கீடு மட்டுமே மாற்றுத்திறனாளி உரிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதும் இந்த மோதலுக்கு ஒரு காரணம்.

2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் தந்த தீர்ப்பை இங்கே நினைவுபடுத்த வேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ளவர் அவர். குடிமைப் பணித் தேர்வுக்கு, சொல்வதை எழுத ஆள் கேட்டார். நாற்பது சதவீதச் சான்று இல்லை என்று மறுத்தார்கள். நாற்பது சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்கான வாசல். தேர்வில் எழுத ஆள் தருவது போன்ற நியாயமான வசதிகளுக்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நீண்டகாலக் குறை ஒன்று சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் சமமான பங்கேற்பைத் தடுத்தால் அவர் மாற்றுத்திறனாளி என்கிறது சட்டத்தின் பொது வரையறை. பூஜ்ஜியம் வாங்கிய தம்பியும் அந்த வரையறைக்குள் வருகிறான். பெரிய எழுத்து வினாத்தாள், கூடுதல் நேரம், கறுப்புக் கண்ணாடி, தொப்பி, வெயிலில் நிற்காத பணியிடம் இவற்றைக் கேட்க அவனுக்கு நாற்பது தேவையில்லை. இது பள்ளிகளுக்கும் தேர்வு நடத்துபவர்களுக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை.

அப்படியானால் பட்டியல் எதற்கு? எழுதப்படாத உரிமையைக் கேட்கிறவர் ஒவ்வொரு ஜன்னலிலும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பெயர் இருந்தால், பார்வை, கூச்சம், ஆழ உணர்வு, தோல் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற தனி மதிப்பீட்டை அரசு வகுத்தே ஆக வேண்டும். இப்படி அளப்பது புதிதும் அல்ல. இதே சட்டம் அமில வீச்சில் உருச்சிதைந்தவர்களையும், தொழுநோயிலிருந்து குணமானவர்களையும், உயரம் குறைந்தவர்களையும் சேர்த்திருக்கிறது. உடல் தோற்றத்தின் மேல் விழுகிற சமூகத்தின் பார்வையும் ஒரு தடைதான் என்று சட்டம் ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்டது. அல்பினிசத்துக்குத் தோற்றத் தடையும் உண்டு, கூடவே அளந்து காட்டக்கூடிய கண் குறையும் உண்டு. என்னைக் கேட்டால், இருபத்தொன்றில் பாதிக்கு மேலானவற்றைவிட இதன் வாதம் வலுவானது.

நாடாளுமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்த வேண்டியதும் இல்லை. 99-வது பிரிவின்படி மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் பட்டியலை மாற்றலாம். மாநில அரசு பரிந்துரை செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் நலனில் முன்னோடி என்று சொல்லிக்கொள்கிற தமிழ்நாடு அந்தப் பரிந்துரையை அனுப்பட்டும். பதில் வரும்வரை காத்திருக்காமல் இங்கேயே செய்யக்கூடியவையும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகங்கள் வழியாக இவர்களை எண்ணலாம், அரசு மருத்துவமனைகளில் சன்ஸ்கிரீனை மருந்தாகக் கொடுக்கலாம், சான்றிதழ் முகாமில் இரு கண்ணையும் திறந்துவைத்தும் வெளிச்சத்திலும் ஒரு முறை பார்க்கச் சொல்லலாம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இவர்களை எண்ணக் கேட்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குக் கண் ஆடுகிறது, வெளிச்சத்தில் கூசுகிறது என்றால் வளர்ந்தால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. உருப்பெருக்கி, கையடக்கத் தொலைநோக்கி, நிறக் கண்ணாடி என்று பழகக் கற்றுக்கொடுப்பார்கள். அடிக்கடி உடம்பில் காயம் கன்றிப்போகிறது, ரத்தம் சீக்கிரம் நிற்பதில்லை என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லத் தவறாதீர்கள். அல்பினிசத்தோடு ரத்தக்கசிவும் சேர்ந்து வருகிற அரிய வகைகள் உண்டு.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. ஐ.நா. அறிவித்த அல்பினிச விழிப்புணர்வு நாள் ஜூன் 13. நம் பள்ளிகள் திறக்கிற மாதம் அது. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டும் இடத்தைக் கொடுங்கள், பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுங்கள், காலை வழிபாட்டில் வெயிலில் நிறுத்தாதீர்கள். வினாத்தாளைப் பெரிய எழுத்தில் நகலெடுக்க இரண்டு ரூபாய்கூட ஆகாது. அதற்கு எந்தச் சான்றிதழும் கேட்காதீர்கள்.